கிளீவ்லாந்து பிரவுன்ஸ்: சம்பள உச்சவரம்பும் அணியை மீண்டும் கட்டுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்தப் பக்கம் அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றியது; நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தைப் பற்றியது அல்ல. நேஷனல் ஃபுட்பால் லீக் எனப்படும் என்.எஃப்.எல். போட்டிகளை இரவு கண்விழித்துப் பார்க்கும் தமிழ் ரசிகர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். ஆட்டம் புரிந்துவிடுகிறது, பணக் கணக்குதான் புரிவதில்லை என்கிறார்கள். அந்தக் கணக்கை ஓர் அணியை வைத்துச் சொல்கிறேன். எனக்குப் பிடித்த அணி, என்னை மிகவும் வருத்திய அணியும் அதுவே.

சம்பள உச்சவரம்பு என்றால் என்ன?

ஓர் அணி ஓர் ஆண்டில் தன் வீரர்களின் பெயரில் எவ்வளவு தொகையைக் கணக்கில் ஏற்றலாம் என்று லீக் விதிக்கும் எல்லை. லீக்கின் மொத்த வருவாயில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு வீரர்களுக்கு என்று வீரர் சங்கமும் உரிமையாளர்களும் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். அதிலிருந்துதான் இந்த எல்லை பிறக்கிறது. 1994-ல் தொடங்கியபோது அது 3.46 கோடி டாலர். 2025-ல் 27.92 கோடி டாலர். நடுவில் 2021-ல் மட்டும், பெருந்தொற்றால் அரங்குகள் காலியாகக் கிடந்ததன் விளைவாக, 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்குச் சரிந்தது.

ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள் அல்லவா, ஏறக்குறைய அதுபோல. ஒரு பெரிய வேறுபாடு உண்டு: என்.எஃப்.எல். அணி இன்று கொடுத்த பணத்தை நாளைய கணக்கில் எழுதிக்கொள்ளலாம். சாமர்த்தியம், சங்கடம் இரண்டுக்கும் இடம் அங்கேதான்.

நாளைய கணக்கில் எழுதுவது எப்படி?

ஒரு வீரர் கையெழுத்திடும்போது கொடுக்கப்படும் போனஸ் உடனே அவர் கைக்குப் போய்விடும். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். 2 கோடி டாலர் போனஸ் என்றால் ஆண்டுக்கு 40 லட்சம்.

பிறகும் வழி உண்டு. அடுத்த ஆண்டு அவருக்குரிய அடிப்படைச் சம்பளத்தை எடுத்து, அதையும் போனஸ் என்று பெயர் மாற்றி, மறுபடி ஐந்து ஆண்டுகள் வரை பிரிக்கலாம். வீரருக்கு ஒரு காசும் குறையாது. அணிக்கு அந்த ஆண்டு இடம் கிடைக்கும். குறைந்தது எல்லாம் பின்வரும் ஆண்டுகளின் தலையில் ஏறி உட்காரும்.

சரியாக ஆடாத வீரரை வெளியே அனுப்பிவிட்டால் கணக்கு தீர்ந்துவிடாதா?

தீராது. ஏற்கெனவே கொடுத்துவிட்டு, இன்னும் கணக்கில் எழுதாமல் வைத்திருக்கும் போனஸ் பாக்கி முழுவதும் அவர் வெளியேறும்போது வந்து விழும். இதை 'டெட் மணி' என்கிறார்கள். ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்தால் அந்தச் சுமையை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். பிரிக்கலாமே தவிர, அழிக்க முடியாது.

நலிந்த அணிகளின் பட்டியலைப் பார்த்தால் இது புரியும். களத்தில் இருப்பவர்களைவிட ஊரைவிட்டே போனவர்களின் பெயரில் பெரிய தொகைகள் நிற்கும்.

உதாரணத்துக்கு ஏன் பிரவுன்ஸ்?

ஒரே பத்தாண்டுக்குள் இரண்டு எல்லைகளையும் தொட்ட அணி என்பதால். 2016, 2017-ல் பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தது. 2022-ல் இருந்ததையும் வரப்போவதையும் ஒரே ஒப்பந்தத்தில் வைத்தது. முன்னது சரி, பின்னது தவறு என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டிலும் பிழை இருந்தது.

கிளீவ்லாந்து சாதாரண ரசிகர்கள் உள்ள ஊர் அல்ல. 1995 ஆட்டப் பருவத்தோடு அணியின் உரிமையாளர் வீரர்களை எல்லாம் பால்டிமோருக்குக் கொண்டுபோய்விட்டார். பெயரையும் நிறத்தையும் ஊர் போராடித் தக்கவைத்துக்கொண்டது. 1999-ல்தான் புதிய அணி பிறந்தது. அப்படி மீட்ட அணி தோற்றுக்கொண்டே இருந்தால் எப்படி வலிக்கும்!

2016-ல் அவர்கள் போட்ட திட்டம் என்ன?

ஜனவரி 2016-ல் வழக்கறிஞரான சாஷி பிரவுன் அணி நிர்வாகத் தலைவரானார். பேஸ்பாலில் புள்ளிவிவரக் கணிப்புக்குப் பெயர்பெற்ற பால் டிபொடெஸ்டா உத்திகளுக்கான தலைமை அதிகாரியாக வந்தார். அவர்கள் கணக்கு இது: எந்த இளம் வீரர் தேறுவார் என்பதை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆகவே கையில் அதிக டிராஃப்ட் தேர்வுகள் இருக்கும் அணிக்கே வாய்ப்பு அதிகம். டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் நிகழ்வு, ஏழு சுற்று, முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு.

இரண்டாவது இடத்தில் இருந்த தங்கள் தேர்வை ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்துப் பல தேர்வுகளைப் பெற்றார்கள். அந்த இடத்தில் கார்சன் வென்ட்ஸை ஃபிலடெல்பியா எடுத்தது; அவர் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். பிரவுன்ஸ் அந்த ஆண்டு மொத்தம் 14 பேரை எடுத்தது. முதல் சுற்றில் எடுத்த கோரி கோல்மேனை 2018-ல் ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வுக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. அதிகம் எடுத்தால் போதாது, எடுப்பவர்களைப் பார்த்து எடுக்கவும் தெரிய வேண்டும்.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. அதே 2016 வசந்தத்தில் ஒப்பந்தம் முடிந்த நல்ல வீரர்களைப் போகவிட்டார்கள். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரண்போல் நிற்பவர்கள் லைன்மேன்கள். நடு லைன்மேன் அலெக்ஸ் மேக் அட்லாண்டாவுக்குப் போனார். அந்தப் பருவத்திலேயே அந்த அணி சூப்பர் பவுல் இறுதிக்கு வந்தது. வலப்பக்க லைன்மேன் மிட்செல் ஷ்வார்ட்ஸ் கான்சஸ் சிட்டிக்குப் போய், லீக்கின் சிறந்த அணியில் இடம்பிடித்து, சூப்பர் பவுலும் வென்றார். அப்போது ஷ்வார்ட்ஸுக்கு 26 வயது. அணியை மீண்டும் கட்டுகிறோம் என்றால் இப்படிப்பட்டவரைச் சுற்றித்தானே கட்ட வேண்டும்?

சேமித்த பணம் என்ன ஆயிற்று? வீணாகிவிடாதா?

செலவழிக்காத இடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம். 2017-க்குள் பிரவுன்ஸ் அப்படிக் கொண்டுபோனது 5 கோடி டாலருக்கு மேல். ஆனால் காலமெல்லாம் பதுக்கிவைக்க முடியாது. நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கையில் உச்சவரம்பில் 89 விழுக்காட்டையாவது வீரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று அப்போதைய ஒப்பந்தம் சொன்னது. இப்போது அது 90 விழுக்காடு.

அந்தப் பணத்தை வைத்து மார்ச் 2017-ல் அவர்கள் செய்த ஒரு காரியத்தை இன்றும் வியக்கிறேன். ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் முந்தைய ஆண்டு பிராக் ஆஸ்வைலர் என்ற குவார்ட்டர்பேக்குக்கு நான்கு ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தது. 2017-ல் அவருக்கு உத்தரவாதமான, அதாவது விடுவித்தாலும் கொடுத்தே தீர வேண்டிய, சம்பளம் 1.6 கோடி. "அவரை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், கூடவே 2018-ன் இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கொடுங்கள்" என்றது பிரவுன்ஸ். ஆறாம் சுற்றுத் தேர்வு ஒன்றும் கிடைத்தது; பதிலுக்குக் கொடுத்தது நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்று. வந்த ஆஸ்வைலரைப் பருவம் தொடங்கும் முன்பே விடுவித்துவிட்டார்கள்.

பார்வைக்கு வீரர் பரிமாற்றம். உள்ளே நடந்தது சுமை சுமக்கக் கூலி வாங்கியது. அந்த இரண்டாம் சுற்றுத் தேர்வில், 35-ஆவது இடத்தில், 2018-ல் வந்தவர் பந்தைச் சுமந்து ஓடும் ஆட்டக்காரர் நிக் சப். அணியின் முதுகெலும்பாகப் பல ஆண்டுகள் ஓடினார்.

வேண்டுமென்றே தோற்றார்களா?

களத்தில் இறங்கிய எவரும் தோற்பதற்காக ஆடவில்லை. ஆனால் வெல்வதற்குப் போதுமான ஆட்களை நிர்வாகம் கொடுக்கவில்லை என்பது கண்கூடு. 2016-ல் ஒரு வெற்றி, 15 தோல்வி. 2017-ல் 16 ஆட்டங்களிலும் தோல்வி. 2008-ல் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் பிறகு அந்த அவலத்தைக் கண்ட இரண்டாவது அணி. டிசம்பர் 2017-ல் சாஷி பிரவுன் நீக்கப்பட்டார். ஜனவரி 6, 2018 அன்று உறைபனிக் குளிரில் ரசிகர்கள் அரங்கைச் சுற்றி வட்டமாக ஊர்வலம் போனார்கள். அந்த வட்டமே ஒரு பூஜ்யம். அந்த நாளிலும் ஊரின் உணவு வங்கிக்காகப் பொருளும் பணமும் திரட்டினார்கள்.

இன்னொருவரையும் நினைக்க வேண்டும். ஜோ தாமஸ். 2007 முதல் இடப்பக்க லைன்மேன். அணியின் தாக்குதல் ஆட்டத்தில் தொடர்ச்சியாக 10,363 முறை, ஒன்றைக்கூடத் தவறவிடாமல் களத்தில் நின்றவர். அக்டோபர் 2017-ல் கையில் காயம்பட்டுத்தான் அந்தத் தொடர் அறுந்தது. அத்தோடு அவர் ஆட்டமும் முடிந்தது. பருவ முடிவில் வரும் வெளியேற்றச் சுற்றான பிளேஆஃபில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே ஓய்வு பெற்று, 2023-ல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். 'இன்னும் இரண்டு ஆண்டு பொறுங்கள்' என்று நிர்வாகம் சொல்லும்போது, ஒரு வீரருக்கு இரண்டு ஆண்டு என்றால் என்ன என்பதை அவரை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

டிராஃப்ட் வீரர்களை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

விலை மலிவு என்பதால்தான். 2011 ஒப்பந்தத்துக்கு முன் புதிய வீரர்களுக்கே மலைமலையாகக் கொட்டினார்கள். 2010-ன் முதல் தேர்வு சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். அதில் 5 கோடி உத்தரவாதம். புதிய விதி வந்த 2011-ல் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு சுமார் 2.2 கோடி. அன்றுமுதல் தேர்வின் இடத்தைப் பொறுத்துச் சம்பளம் ஏறக்குறைய நிர்ணயமாகிவிட்டது.

ஆகவே நல்ல இளம் குவார்ட்டர்பேக் கிடைத்த அணிக்கு நான்கைந்து ஆண்டு பொற்காலம். சந்தை விலையில் அதே தரத்துக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் போகும் இடத்தில் 1 கோடிக்குள் முடியும். மிச்சத்தில் லைன்மேன்களையும் தடுப்பாட்டக்காரர்களையும் வாங்கலாம். நலிந்த அணி எழுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். முதல் சுற்றுத் தேர்வு என்றால் ஒரு பெயர் மட்டுமல்ல, நான்கைந்து ஆண்டு மலிவு விலை உழைப்பு. அதை விட்டுக்கொடுக்கும் அணி அந்த மலிவையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறது.

அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்ததா?

கிடைத்தது. 2017-ல் தடுப்பாட்டக்காரர் மைல்ஸ் கேரட், 2018-ல் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட், டென்செல் வார்ட், நிக் சப். பின்னவர்களை எடுத்தது அடுத்து வந்த ஜான் டார்சி. தேர்வுகளைச் சேர்த்து வைத்தது சாஷி பிரவுன். செப்டம்பர் 20, 2018 அன்று நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக மேஃபீல்ட் மாற்று ஆளாக உள்ளே வந்து 21-17 என்று வென்று கொடுத்தார். 635 நாட்களுக்குப் பிறகு வெற்றி. ஒரு பீர் நிறுவனம் ஊரெங்கும் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்த குளிர்பெட்டிகள் அந்த இரவில் தாமாகத் திறந்துகொண்டன.

2020-ல் ஆண்ட்ரூ பெர்ரி பொது மேலாளராகவும் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி பயிற்சியாளராகவும் வந்தார்கள். 11 வெற்றி, 5 தோல்வி. 2002-க்குப் பின் முதல் பிளேஆஃப். பிட்ஸ்பர்கை அதன் சொந்த அரங்கில் 48-37 என்று வீழ்த்தினார்கள். மேஃபீல்ட் புதியவர் ஒப்பந்தத்தில்தான் இருந்தார். எல்லாம் கூடிவந்த நேரம் அது.

பிறகு என்ன கெட்டது? வாட்சன் ஒப்பந்தத்தைக் கணக்கோடு சொல்ல முடியுமா?

2021-ல் மேஃபீல்டுக்குத் தோள்பட்டைக் காயம். 8 வெற்றி, 9 தோல்வி. மார்ச் 2022-ல் நிர்வாகம் பொறுமையிழந்து ஹூஸ்டனிடமிருந்து குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனை வாங்கியது. கொடுத்தது 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகள், அதற்கு மேலும் சில தேர்வுகள். வாட்சனுக்கு ஐந்து ஆண்டுக்கு 23 கோடி டாலர். முழுத் தொகையும் உத்தரவாதம். அந்த லீக் அதுவரை காணாத உத்தரவாதம்.

அப்போது அவர்மீது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் புகாருடன் சிவில் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர் மறுத்தார், டெக்சஸ் ஜூரிகள் குற்றவழக்கு தொடர மறுத்தன. லீக் அவருக்கு 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. பணக் கணக்குக்கு முன்பே இந்த முடிவு தவறு என்பது என் உறுதியான கருத்து. எத்தனையோ ரசிகைகள், ரசிகர்கள் அந்த வாரம் அணியைக் கைவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது எண்கள். ஆண்டுக்கு 4 கோடியே 60 லட்சம் டாலர். முதல் ஆண்டில் அதை 4 கோடியே 49 லட்சத்து 65 ஆயிரம் போனஸ், 10 லட்சத்து 35 ஆயிரம் அடிப்படைச் சம்பளம் என்று உடைத்தார்கள். போனஸ் ஐந்தாகப் பிரிந்து ஆண்டுக்கு 89 லட்சத்து 93 ஆயிரம். எனவே 2022 கணக்கில் ஏறியது சுமார் 1 கோடிதான். தடை காலத்தில் அவர் இழந்ததும் அந்தச் சிறிய அடிப்படைச் சம்பளத்தின் ஒரு பகுதிதான்.

2023-ல் 4.60 கோடியும் 89.93 லட்சமும் சேர்ந்து சுமார் 5.50 கோடி ஏற வேண்டும். சம்பளத்தைப் போனஸாக மாற்றி 1.91 கோடி அளவுக்கு இறக்கினார்கள். விளைவு, 2024-ல் 6 கோடியே 39 லட்சத்து 77 ஆயிரம் எதிரே நின்றது. மறுபடி மாற்றினார்கள். 2025-ல் 7 கோடியே 29 லட்சத்து 35 ஆயிரம். மறுபடியும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பாக்கி வளர்ந்ததே தவிரக் கரையவில்லை. முதல் மூன்று பருவங்களில் வாட்சன் ஆடியது 19 ஆட்டங்கள். அக்டோபர் 2024-ல் குதிகால் தசைநார் கிழிந்தது. ஜனவரி 2025-ல் அதே இடம் மீண்டும் கிழிந்தது.

மனத்தை அறுக்கும் தகவல் ஒன்று உண்டு. 2017 டிராஃப்டில் 12-ஆவது இடம் பிரவுன்ஸ் கையில்தான் இருந்தது. அதை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள்; ஹூஸ்டன் அந்த இடத்தில் எடுத்த ஆள் வாட்சன். பதிலுக்குக் கிடைத்த முதல் சுற்றுத் தேர்வில்தான் டென்செல் வார்ட் வந்தார். அது நல்ல பேரம். ஐந்து ஆண்டு கழித்து அதே வாட்சனுக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள். அவற்றில் ஒன்றைப் பயன்படுத்தி மேலே நகர்ந்து, தடுப்பாட்டக்காரர் வில் ஆண்டர்சனை எடுத்தது ஹூஸ்டன். ஜனவரி 2024 பிளேஆஃபில் பிரவுன்ஸை 45-14 என்று நொறுக்கியதும் ஹூஸ்டன்தான்.

அப்படியானால் பணத்தைத் தள்ளிப்போடுவதே தவறா?

இல்லை. ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் இதே முறையைப் பிரவுன்ஸைவிடத் தாராளமாகக் கையாளும் அணி. ஆடப்போவதே இல்லாத பெயரளவு ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்துப் போனஸைப் பிரிக்கிறார்கள். பிப்ரவரி 2025-ல் சூப்பர் பவுல் வென்றார்கள். உச்சவரம்பு ஆண்டுதோறும் ஏறுவதால் இன்றைய 1 கோடி நாளைக்குச் சிறிய பங்காகிவிடும். ஆனால் ஈகிள்ஸ் தங்கள் டிராஃப்ட் தேர்வுகளைத் தக்கவைத்துக்கொண்டு, மலிவு விலை இளைஞர்களால் களத்தை நிரப்பினார்கள்; கடனைப் பலர் பெயரில் பரப்பினார்கள். பிரவுன்ஸ் தேர்வுகளையும் கொடுத்து, கடனையும் ஒருவர் தோளில் ஏற்றியது. அந்த ஒருவர் விழுந்தபோது பிடிக்க ஆளில்லை.

தவறான ஒப்பந்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேற முடியுமா?

டென்வர் பிராங்கோஸ் செய்து காட்டியது. அவர்களும் 2022-ல் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை வாங்கி ஐந்து ஆண்டு நீட்டிப்பாக 24 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். இரண்டு பருவம் சரிவரவில்லை. மார்ச் 2024-ல் 8.5 கோடி டாலர் டெட் மணியை ஏற்றுக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்; 5.3 கோடி அந்த ஆண்டு, 3.2 கோடி அடுத்த ஆண்டு. அடுத்த மாதமே டிராஃப்டில் 12-ஆவதாக போ நிக்ஸை எடுத்தார்கள். அந்தப் பருவமே 10 வெற்றி. 2015-க்குப் பின் முதல் பிளேஆஃப். குவார்ட்டர்பேக் மலிவாக இருந்ததால்தான் பழைய பாக்கியைத் தாங்க முடிந்தது.

பிரவுன்ஸால் இதைச் செய்ய முடியவில்லை. முழு உத்தரவாதம் என்பதால் அனுப்பினாலும் வரப்போகும் சம்பளமும் சேர்ந்து விழும்.

இப்போது மீண்டும் கட்டுகிறார்களா?

2024-ல் 3 வெற்றி, 14 தோல்வி. 2025 டிராஃப்டில் இரண்டாவது இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்து, ஐந்தாவது இடம், 36-ஆவது இடம், 2026-ன் முதல் சுற்றுத் தேர்வு ஆகியவற்றைப் பெற்றார்கள். ஐந்தில் மேசன் கிரஹாம், 36-ல் குவின்ஷான் ஜட்கின்ஸ். 2016-ன் பழைய கணக்கு திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இம்முறை நல்ல வீரரைப் போகவிடவில்லை. பிப்ரவரி 2025-ல் வேறு அணிக்கு மாற்றிவிடக் கேட்ட மைல்ஸ் கேரட்டை, மார்ச்சில் ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு நீட்டித்தார்கள். அப்போது அவருக்கு 29 வயது. மறுகட்டுமானம் முடிவதற்குள் அவர் உச்சம் தாண்டிவிடுவார் என்று வாதிடுவோர் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. 2016-ல் ஷ்வார்ட்ஸைப் போகவிட்ட அணிக்கு இது செய்ய வேண்டிய காரியம்.

புதிய ஒப்பந்தச் செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

தலைப்பில் வரும் மொத்தத் தொகையை ஒதுக்கிவிடுங்கள். கடைசி ஓரிரு ஆண்டுகளின் சம்பளம் பல சமயம் கொடுக்கப்படுவதே இல்லை. உத்தரவாதத் தொகை எவ்வளவு, எந்த ஆண்டு முதல் குறைந்த டெட் மணியோடு விடுவிக்கலாம், அப்போது வீரரின் வயது என்ன: இந்த மூன்றையும் பாருங்கள். அதோடு அந்த அணியிடம் அடுத்த இரண்டு ஆண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் கையில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். வாட்சன் செய்தி வந்த நாளில் 23 கோடி என்ற எண்ணைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். 2024 வரை முதல் சுற்றில் அந்த அணிக்கு நாற்காலியே இல்லை என்பதைப் பேசியவர்கள் குறைவு.